கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சர்வர்

"எந்த வீடுன்னு கேக்குது," என்றார் பெர்லி, திரையை உற்றுப் பார்த்தபடி.

"எந்த வீடுன்னா?"

"பேரு மட்டும் குடுத்தா உள்ள விடாதாம். பேருக்குப் பின்னால, எந்த சர்வர்ல குடியிருக்கோம்னு சேர்த்துச் சொல்லணும். நூத்துக்கணக்குல இருக்கு, மர்டீனா. ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுது."

மர்டீனா மக்காஸ்கில் 'துறைமணி' வார இதழின் ஆசிரியர். நிருபரும் புகைப்படக்காரரும் விளம்பரம் பிடிப்பவரும் அவளேதான். பெர்லி பக்கம் அமைப்பவர். கம்பி சொருகிய எந்தச் சாமானுக்கும் அவரே வைத்தியர். கில்லன் துறையில் இந்த இரண்டு பேரை விட்டால் பத்திரிகைக்கு வேறு நாதி கிடையாது.

வினை ஆகஸ்டில் ஆரம்பித்தது. செய்தியைக் காட்டினால் பத்திரிகைகளுக்குப் பணம் கொடு என்று கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் சட்டம் போட்டார்கள். பணமும் வேண்டாம், உங்கள் செய்தியும் வேண்டாம் என்று ஊரே கூடும் அந்தப் பெரிய சமூக வலைத்தளம் நாடு முழுவதும் கதவைச் சாத்திவிட்டது. இவர்கள் இருவரும் முட்டிக்கொண்டதில் தலை வீங்கியது துறைமணிக்கு. மூவாயிரம் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் ஒரே நாளில் வெள்ளைச் சுவராகிவிட்டது.

அது கூடப் பரவாயில்லை. பெட்ரோல் பங்க் ஃபேபியன் அதே தளத்தில் 'துறையில் என்ன விசேஷம்' என்று ஒரு பக்கம் வைத்திருந்தான். அதை யாரும் தொடவில்லை. மேல்கரை வளைவில் போலீஸ் கார் நிற்கிறது, மீன் கூட்டுறவு மேனேஜரை மாற்றிவிட்டார்கள், போகும்போது அவர் அழுதார், இந்த மாதிரி சங்கதிகள்தான் அதில் வரும். மர்டீனா வயிறெரிந்து தளத்துக்கு ஒரு மேல்முறையீடு எழுதினாள். ஃபேபியன் எழுதுவது செய்தி இல்லையென்றால் நாங்கள் எழுதுவதும் செய்தி இல்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நியாயம் சொல்லுங்கள் என்று கேட்டாள். பத்திரிகையின் பழைய இதழ்கள் மொத்தத்தையும் இணைத்து அனுப்பினாள். பதில் இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கைப்பேசியிலிருந்து தளத்தை நீக்கினாள். அவர்களிடமிருந்து வரும் அஞ்சல் எதுவானாலும் நேராகக் குப்பைக்குப் போகும்படி பெர்லியை விட்டுச் செய்ய வைத்தாள். அலுவலகத்தில் அந்தத் தளத்தின் பேரை யார் உச்சரித்தாலும் அன்றைய காப்பிக் கோப்பைகளை அவர்களே கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டாள். ஒட்டாவா சட்டத்தைவிட இந்தச் சட்டம் கடுமையாக அமலானது. விளம்பரம் கொடுக்க வந்த பாதிரியார் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏழு கோப்பைகள் கழுவினார்.

"ஒரு சிக்கல் இருக்கு," என்றார் பெர்லி. "நம்ம இணையதளத்துல எதைப் போட்டாலும் அது தானாவே அங்கயும் போய் விழுது. எப்பவோ நான் செஞ்ச ஏற்பாடு. எப்படி நிறுத்தறதுன்னு மறந்துபோச்சு."

"போனாப் போகட்டும். பூட்டின வீட்டுக்குள்ள கடுதாசி போடற மாதிரிதானே? யார் எடுத்துப் படிக்கப்போறா?"

இப்படித்தான் செப்டம்பரில் அவர்கள் புது வலைக்குக் குடிபெயரத் தீர்மானித்தார்கள். அது எந்த முதலாளிக்கும் சொந்தமில்லை. ஆங்காங்கே ஆட்கள் சர்வர் என்று சொந்தமாக ஒரு கணினி வைத்திருப்பார்கள், ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். மற்ற ஊர்ப் பத்திரிகைகள் இரண்டு மூன்று ஏற்கெனவே அங்கே போய்விட்டன. ஆனால் வாசலிலேயே இந்தக் கேள்வி.

மர்டீனாவுக்குக் கேள்வி பிடித்துப்போயிற்று. கேப் பிரட்டன் தீவில் பேரை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. கில்லன் துறையில் மட்டும் ஆங்கஸ் மக்நீல்கள் ஒன்பது பேர். 'உங்க அப்பா யாரு?' என்று கேட்டுத்தான் அந்த ஊரில் வணக்கமே சொல்வார்கள்.

"நம்ம ஊர் வழக்கத்தையே வச்சிருக்கானுங்க பாரேன்," என்றாள். "பட்டியலைக் காட்டு. நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா பார்ப்போம்."

பெர்லி உருட்டினார். உருட்டிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் மர்டீனா அவர் தோளில் தட்டினாள்.

"நில்லு. நடத்தறவர் பேரு ஹாமிஷ் மக்காஸ்கில். சேரு."

"எந்த ஊர்னு பார்க்கலையே."

"மக்காஸ்கில் எந்த ஊர்ல இருந்தா என்னப்பா? எங்க கொள்ளுத்தாத்தா வழியா ஏதாவது ஒண்ணு இருக்கும். சேரு."

அன்று மாலை வீடு திரும்ப அவள் கம்பிப் படகில் ஏறினாள். கில்லன் துறை என்பது ஒரு கடற்கழியின் இரண்டு கரை. கீழ்கரையில் அலுவலகம், மேல்கரையில் அவள் வீடு. நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறு நிமிடத்தில் கடக்கும் படகு. படகு இல்லாவிட்டால் கழியைச் சுற்றி நாற்பது கிலோமீட்டர் காரில் போக வேண்டும். அந்தப் படகைத்தான் குளிர்காலத்திலிருந்து நிறுத்தலாமா என்று மாகாண அரசு யோசித்துக்கொண்டிருந்தது.

"கடிதாசி வந்திருச்சு அக்கா," என்றான் படகோட்டி டங்கன் ஆர்ச்சி. "அக்டோபர் பத்தொம்பது, வியாழக்கிழமை, ராத்திரி ஏழு மணி. தீயணைப்புக் கூடத்துல கூட்டம். தலைநகர் ஹாலிஃபாக்ஸ்ல இருந்து அரசாங்க ஆள் வந்து தலையை எண்ணுவாங்களாம். நூறு தலை இல்லேன்னா ஜனங்களுக்கு அக்கறை இல்லேன்னு எழுதிட்டுப் போயிடுவாங்களாம்."

"நூறு தலைதானே? நான் கூட்டறேன்."

"போன தடவை ரோடு கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? பதினோரு பேர். அதுல மூணு பேர் வேற கூட்டம்னு நினைச்சு வந்தவங்க."

"அப்ப எங்கிட்ட புது வலை இல்ல, டங்கன் ஆர்ச்சி."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டங்கன் ஆர்ச்சிக்கு வேலை போகும். அவளுக்கு தினமும் எண்பது கிலோமீட்டர். அதைவிட ஒன்று குத்தியது. முப்பது வருஷம் பத்திரிகை நடத்தியும் ஒரு கூட்டத்துக்கு நூறு பேரைக் கூப்பிட முடியவில்லை என்றால் அந்தப் பத்திரிகை எதற்கு?

நான்கே நாளில் புது வலையில் துறைமணிக்கு முந்நூறு பேர் சேர்ந்தார்கள். மர்டீனா பூரித்துப்போனாள். ஐந்தாம் நாள் பெர்லி தொண்டையைச் செருமினார்.

"முந்நூறு பேரும் நியூசிலாந்து."

"என்னது?"

"ஹாமிஷ் மக்காஸ்கில் நியூசிலாந்துக்காரர். அந்த சர்வர்ல இருக்கற அத்தனை பேரும் அங்கதான். நாம காணாமப்போன ஆட்டைப் பத்திப் போட்டோமில்ல, ஆடு கிடைச்சுதான்னு நாப்பது பேர் விசாரிச்சிருக்காங்க."

"நல்ல மனுஷங்க. சரி, படகுக் கூட்டத்து அறிவிப்பை நம்ம இணையதளத்துலயும் இங்கயும் போடு. பார்த்துட்டு யாராவது இங்க இருக்கற சொந்தக்காரங்களுக்குச் சொல்லட்டும். கூட்டம் முடிஞ்சதும் சிங்கி இறால் சாண்ட்விச் உண்டுன்னும் போடு. நம்ம ஜனங்க அதுக்காகவாவது வரும்."

இறாலில்தான் வந்தது வினை. ஹாமிஷ் மக்காஸ்கிலின் சர்வர் உயிர்களைத் தின்னாதவர்களின் வீடு. ஆட்டை அவர்கள் விசாரித்தது அந்தப் பாசத்தில்தான். காலையில் பார்த்தால் நூற்றுப் பதினேழு கண்டனம், இறாலுக்காக இரண்டு இரங்கல் கவிதை. மதியம் ஹாமிஷே எழுதினார்: ஒரே குலத்தில் பிறந்தவர் என்பதால் மிகுந்த வருத்தத்தோடு உங்களை வெளியேற்றுகிறேன்.

"சொந்தக்காரன் வீட்டுல குடியிருந்தா இதான் கதி," என்றார் பெர்லி.

"அப்ப நாமளே வீடு கட்டுவோம்."

பெர்லி கட்டினார். கிடங்கில் கிடந்த பழைய கணினியைத் துடைத்து, அலுவலகத்தில் மிச்சமிருந்த ஒரே பிளக்கில், கெட்டிலுக்குப் பக்கத்தில் சொருகினார். கீழ்கரை ஜனங்களை ஒரு மத்தியானம் கூப்பிட்டு, ஓட்ஸ் பிஸ்கட்டும் டீயும் கொடுத்துப் பேர் பதிந்தார்கள். ஆங்கஸ் மக்நீல்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் 'ஆங்கஸ் மக்நீல்' என்ற பேரே வேண்டுமாம்.

"எங்க அப்பன் வச்ச பேரு. அதுக்குப் பின்னால நாலுன்னு நம்பர் போட நான் என்ன படகா?" என்றார் ஓர் ஆங்கஸ்.

கடைசியில் ஊரில் அழைக்கிறபடியே பதிந்தார்கள்: செவப்பு ரோரி மகன் ஆங்கஸ், நொண்டிக்குதிரை ஆங்கஸ், இன்னும் இரண்டு. ஐந்தாவது ஆங்கஸின் பட்டப்பேரை எழுத்தில் போட முடியாது என்பதால் அவருக்கு மட்டும் வெறும் ஆங்கஸ் கிடைத்தது. மற்ற நால்வரும் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

மறுநாள் முதல் புதுத் தொல்லை. பெர்லிக்கு மணிக்கொரு டீ வேண்டும். கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் போனால் கீழ்கரை முழுதும் வலையிலிருந்து காணாமல்போகும்.

"டீயை விடு," என்றாள் மர்டீனா.

"வேலையை விடறேன்," என்றார் பெர்லி.

டீ நேரங்களை அச்சடித்து வாசலில் ஒட்டினார்கள். பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு மணி, இந்த நேரங்களில் சேவை இராது. ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். அதோடு, துறைமணியின் இணையதளத்துக்கு வருகிற கூட்டமும் மளமளவென்று ஏறியது. பெர்லி எண்ணிக்கையைக் காட்டியபோது மர்டீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியா? சொந்த வீடுன்னா சொந்த வீடுதான்."

ஆனால் மேல்கரைக்காரர் ஒருவர்கூடப் பதியவில்லை. கீழ்கரை வீட்டுக்குள் மேல்கரைக்காரன் எதற்கு நுழைய வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் பள்ளிக்கூடத்தை எந்தக் கரையில் கட்டுவது என்று சண்டை வந்தது. பள்ளிக்கூடத்தை மூடியே இருபது வருஷமாகிறது. சண்டை மட்டும் இன்னும் நடக்கிறது.

"அவங்களுக்குத் தனி சர்வர் வச்சுக் குடுத்திடுவோம்," என்றாள் மர்டீனா. "ரெண்டும் ஒண்ணோடொண்ணு பேசிக்கும்னுதானே இந்த வலையோட பெருமையே?"

பனித்தரையில் கல்லைத் தள்ளி விளையாடும் மேல்கரை கர்லிங் கழகத்தில், பரிசுக் கோப்பை அலமாரிக்கு மேலே, இரண்டாவது சர்வர் உட்கார்ந்தது. நன்றி கூறும் திருநாள் திங்கட்கிழமை, வான்கோழியைத் தின்றுவிட்டு எல்லாரும் சோபாவில் சாய்ந்திருந்த நேரம், மேல்கரையிலிருந்து முதல் செய்தி வந்தது: 'நம் படகைக் காப்போம்.'

யாருடைய படகு என்று கீழ்கரை கேட்டது. கம்பி முதலில் கட்டியது எங்கள் கரையில் என்றது மேல்கரை. கம்பியை வாங்கிக் கொடுத்ததே நாங்கள் என்றார் நொண்டிக்குதிரை ஆங்கஸ். பூசணிப் பணியாரம் மேசைக்கு வருவதற்குள் கீழ்கரை சர்வர் மேல்கரையைத் தடை செய்துவிட்டது. மேல்கரையும் பதிலுக்குத் தடை செய்துவிட்டு, அதைக் கொண்டாட மாதாகோயில் மணியை அடித்தது.

"ரெண்டு சர்வர் சண்டை போட்டுப் பிரிய உலகத்துல யாருக்கும் பத்து நாளாவது ஆகும்னு கையேட்டுல போட்டிருக்கு," என்றார் பெர்லி வியப்போடு. "நம்மாளுங்க மூணு மணி நேரத்துல முடிச்சுட்டாங்க."

இது போதாதென்று ஃபேபியன் கூட்டத்து அறிவிப்பைத் தன் பக்கத்தில் எடுத்துப் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டாள். தேதி இருபது, வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தானாம். மர்டீனா பெட்ரோல் பங்குக்குப் பறந்தாள்.

"தேதியை மாத்துடா!"

"என்ன ஆசிரியரம்மா, ஒரு நாள் முன்னபின்ன. அதுக்குப் போய்..."

"ஒருநாள் பிந்தி வந்தா படகு போயிருக்கும்டா! சரியா எழுதத் தெரியாதா உனக்கு?"

"சரியா எழுத நான் என்ன பத்திரிகையா?" என்றான் ஃபேபியன், நியாயமாகத்தான்.

திரும்பும்போது படகில் அவள் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டாள். டங்கன் ஆர்ச்சி இரண்டு முறை அவளைப் பார்த்தான்.

"அக்கா, அந்தக் கூட்ட விஷயமா... உங்க பழைய..."

"பழசைப் பத்திப் பேசாதே. அந்தப் பேரை எடுத்தே, நாளைக்கு நீதான் கோப்பை கழுவணும்."

"நேத்துத்தான் கழுவினேன்," என்று முணுமுணுத்துவிட்டு அவன் கம்பியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

வியாழக்கிழமை ஆறரைக்கு அவள் தீயணைப்புக் கூடத்துக்குப் போனபோது பெர்லி நாற்பது நாற்காலி போட்டிருந்தார்.

"நூறு போடலையா?"

"காலி நாற்காலியைப் பார்த்தா உனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும்னுதான்."

கீழ்கரையில் பதிந்தவர்கள் முப்பத்தொன்று. மேல்கரையில் இருபத்தேழு. இரண்டையும் கூட்டினாலும், ஒரே கூடத்தில் அவர்கள் உட்கார்ந்தாலும், நூறு வராது. மர்டீனா சாண்ட்விச் தட்டுகளை அடுக்கினாள். ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, எண்ணுவதற்குப் பேனாவைத் திறந்துவைத்தாள்.

ஆறு நாற்பதுக்கு ஐந்து ஆங்கஸ்களும் வந்தார்கள். பிறகு மீன் கூட்டுறவு ஆட்கள். பிறகு படகின் ஊதல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது. மூன்றாம் முறை ஊதியபோது மர்டீனா வாசலுக்கு ஓடினாள். மேல்கரைக்காரர்கள் கோட்டை இறுக்கிக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, கர்லிங் கழகம் மொத்தமும் மாதாகோயில் பாடகர் குழு மொத்தமுமாகச் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நாற்காலி போதாமல் தீயணைப்பு வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அறுபத்தொன்றுக்குப் பிறகு முதல்முறையாக இரண்டு கரையும் ஒரே பக்கம் கைதட்டின. படகு யாருடையது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

"நூத்தி அறுபத்தி நாலு," என்றாள் ஹாலிஃபாக்ஸ் அம்மாள், பேனாவை மூடி. "இந்தப் படகைத் தொட எங்க மந்திரிக்குத் துணிச்சல் வராது."

மர்டீனா பெர்லியைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், வெட்கப்படாமல்.

அப்போது ஃபேபியன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"உங்க புது வலையில எனக்கும் ஒரு இடம் குடுப்பீங்களா ஆசிரியரம்மா? என் பக்கத்தை முடக்கிட்டாங்க."

"ஏன்?"

அவன் கைப்பேசியை நீட்டினான். 'வந்த முறையீட்டின்படி இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். உங்களுடையது செய்தி நிறுவனம் என்று முடிவு செய்திருக்கிறோம்' என்று இருந்தது.

மர்டீனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்து, பெரிய மனது பண்ணி, கெட்டில் பக்கம் இடம் தருவதாகச் சொல்லி, அவன் கையில் இரண்டு சாண்ட்விச்சும் வைத்தாள். வயிறு நிறைந்தது போல இருந்தது அவளுக்கு.

"இவ்வளவு பேரை எப்படி மேடம் திரட்டினீங்க?" என்று கேட்டாள் ஹாலிஃபாக்ஸ் அம்மாள். "பெரிய பத்திரிகைங்களே இப்ப திணறுது."

மர்டீனா தலைநிமிர்ந்தாள். எந்த முதலாளிக்கும் சொந்தமில்லாத வலையைப் பற்றி, சொந்தமாகக் கட்டிய வீட்டைப் பற்றி, பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். அந்த அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டாள். சுற்றி நின்ற ஜனங்கள் ஏனோ தரையைப் பார்த்துக்கொண்டும், ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

"அப்ப இவங்க எல்லாரும் அந்த கெட்டில் சர்வர்ல பார்த்துட்டுத்தான் வந்தாங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

டங்கன் ஆர்ச்சி வாயிலிருந்த சிங்கி இறாலை மென்று விழுங்கினான். பிறகு நேராகப் போய்க் கூடத்தின் தொட்டியில் குழாயைத் திறந்து, முதல் கோப்பையைக் கையில் எடுத்தான்.

"கோப்பையை நான் இப்பவே கழுவிடறேன் அக்கா: உங்க பழைய பக்கத்தை அவங்க திறந்துவிட்டு ரெண்டு வாரமாச்சு, நாங்க எல்லாரும் அதுல பார்த்துட்டுத்தான் வந்தோம், 'முப்பது வருஷத்து இதழையும் படிச்சுப் பார்த்தோம், இதுல செய்தின்னு ஒண்ணுமே இல்ல'ன்னு பக்கத்தோட உச்சியிலயே எழுதி வச்சிருக்காங்க."